புல்லெலி வீட்டுக் கோதுமை

எலிக்கு மரியாதை செய்கிற இடத்தில் வாழ்க்கைப்படப் போகிறாய் என்று என்னைக் கட்டிக்கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. நான் கோபிப் பாலைவனப் பக்கத்துப் பெண். எங்கள் பக்கம் எலி வளையைக் கண்டால், குதிரையின் கால் உள்ளே போய் ஒடியுமே என்று திட்டிக்கொண்டு சுற்றிப் போவோம். இங்கே ஹங்காய் மலையில் குனிந்து உட்கார்ந்து நலம் விசாரிக்கிறார்கள்.

காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இருக்கிற சரிவில் புல்லெலிகள் வாழ்கின்றன. கைக்குள் அடங்கும் அளவுதான். வால் குட்டை, காது எங்கே என்று தேட வேண்டும். கோடை முடிந்து புல் பழுக்கிற சமயத்தில் அவை மெகீர் கிழங்கைத் தோண்டி, மண் நீக்கி, ஒரே அளவாகக் கடித்து, நிலத்துக்கடியில் அறை அறையாக அடுக்கிவைக்கும். என் வீட்டுக்காரர் லுவ்சான் விறகு அடுக்குகிற அழகைப் பார்த்தவளுக்கு அந்த அறைகளைப் பார்த்தால் பொறாமைதான் வரும். இந்த ஊர்க்காரர்கள் அறையைத் திறந்து கிழங்கில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். எடுத்த இடத்தில் கைப்பிடி தானியமோ காய்ந்த தயிர்க்கட்டியோ வைத்து மூடிவிடுவார்கள். வைத்தது வைத்ததுதான், அதைத் திரும்ப எடுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மனசில் ஏதாவது வேண்டுதல் இருந்தால் தானியம் வைக்கும்போது வளைக்குள் வாயை வைத்துச் சொல்வார்கள். சொன்னது நடக்கிறவரை மூச்சு விடக் கூடாது. வாய் திறந்தால் பலிக்காதாம். "மனுஷன்கிட்ட கேட்டே கிடைக்கல, எலிகிட்டக் கேக்கறீங்களா?" என்று நான் சிரித்திருக்கிறேன். எலி தொட்ட கிழங்கை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் என்று எனக்கு இங்கே ஒரு பெயரும் உண்டு. எலிக்குக் கோதுமை வைக்க மாட்டேன் என்றதால் வந்த பெயர் அது. இருக்கட்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் என் நாத்தனார் டோல்கோர் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். பத்து மாதத்தில் பாதி தாண்டியிருந்தது. முந்தைய இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், தமிர் ஆற்றின் உருண்டைக் கற்கள் மேல் ஜீப் குலுங்கிக் குலுங்கி, வண்டிக்குள்ளேயே போய்விட்டது. அன்றைக்கு அவள் தலை என் மடியில்தான் இருந்தது. அதை நான் யாரிடமும் பேசுவதில்லை. இந்தமுறை அவளையும் அவள் புருஷன் ஒச்சிரையும் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட வைத்தேன். கண் முன்னால் இருக்கட்டும் என்றுதான்.

"அண்ணி, பால்ல வேகவச்ச மெகீர் சாப்பிடணும்போல இருக்கு" என்றாள் ஒரு காலையில்.

"ஆட்டு ஈரல் இருக்கு, வெண்ணெய் இருக்கு. எலிச் சோறுதான் கேக்குதா உன் பிள்ளைக்கு?"

"கேக்குதே, நான் என்ன செய்ய?"

ஆண்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் புல் அறுக்கப் போயிருந்தார்கள். மசக்கைக்காரி கேட்டதைச் செய்யாவிட்டால் பிறகு அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு நானே போனேன். சரிவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன் அடியில்தான் நல்ல வளை என்று லுவ்சான் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கம்பியால் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வந்த இடத்தில் மண்ணை விலக்கினேன். கிழங்கு குவியலாக இருந்தது. பக்கத்து அறையைத் திறந்தால் கோதுமை! தடித்த, முழு மணிக் கோதுமை. எலி வீட்டில் கோதுமை விளையுமா? இந்த ஊர்க்காரர்கள் வைத்ததுதான். வைத்தவருக்கே வேண்டாமென்றால் எலிக்கு மட்டும் எதற்கு? கிழங்கில் பாதியும் கோதுமை முழுவதுமாக அள்ளினேன். துணி நிறைந்துவிட்டது. பதிலுக்கு நான் வைத்தது, வளைக்குள் எட்டிப் பார்த்து, "கொழுத்துப் போயிருக்கீங்கடா" என்று ஒரு திட்டு. அவ்வளவுதான்.

கழுவினேன், பாலில் போட்டேன், கோதுமையையும் சேர்த்து வேகவைத்தேன். வெண்ணெய், உப்பு. மெகீர் வெந்தால் பால் லேசாகச் சிவக்கும். நன்றாகவே சிவந்திருந்தது. டோல்கோர் பெரிய கிண்ணம் நிறையத் தின்று, கிண்ணத்தை நக்கி, "அண்ணி, கை மணக்குது உங்களுக்கு" என்றாள். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு மீதிப் பானையை மூடி வைத்தேன்.

அப்போது நாய்கள் குரைத்தன. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம்.

"நாயைப் புடிங்க!" என்று கத்தினான் வந்தவன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷிர்சின்தான். அவனை என் நாய்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், ஆனாலும் கத்தாமல் வர மாட்டான்.

உள்ளே வந்து உட்கார்ந்து, மூக்குப்பொடிக் குப்பியைத் துழாவி, தேநீரை ஊதி ஊதி ஒரு வாய் குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"எங்க சரிவுல சர்க்கார் லாரி வந்துச்சு அக்கா. எலி புல்லையெல்லாம் தின்னு தீர்க்குதாம். கோதுமைல விஷம் தடவி வளை வளையாப் போட்டுட்டுப் போனாங்க. நாயைக் கட்டிப்போடுங்க, இந்த வருஷம் எலி வளைல கை வைக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

என் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எப்போ போட்டாங்க?"

"முந்தாநேத்து. இல்ல, அதுக்கும் முந்தி. மழை பெஞ்சதே, அதுக்கு முந்தி."

"உங்க சரிவுலதானே? இந்தப் பக்கம் வரலியே?"

"லாரி வரல. எலி வராதா?" என்றான். சொன்ன பிறகுதான் டோல்கோரின் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, அது என்னது?"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே வராது. ஷிர்சின் பள்ளத்துக்குப் பறந்து லுவ்சானையும் ஒச்சிரையும் கூட்டி வந்தான். நானும் லுவ்சானும் ஷிர்சினும் ஒரே சமயத்தில் பேசினோம். யார் கேட்டதற்கு யார் பதில் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"கோதுமையை எவ எடுக்கச் சொன்னா?" என்றார் லுவ்சான். "கிழங்கு எடுக்கப் போனவ கிழங்கைத்தானே எடுக்கணும்? வச்சதை எடுப்பாங்களா?"

"எடுத்தாச்சு. இப்போ அதைப் பேசி என்ன?"

"சிவப்பா இருந்துச்சா? விஷத்துக்குச் சிவப்புச் சாயம் போடுவாங்க" என்றான் ஷிர்சின்.

"பால் சிவப்பா இருந்துச்சு."

"பாலை யார் கேட்டா? கோதுமை!"

"மெகீர் போட்டா எல்லாம்தான் சிவக்கும்! கோதுமை மண்ணு கலர்ல இருந்துச்சு. மழை பெஞ்சிருக்கு. சாயம் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து டோல்கோர் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள்.

"பாத்தீங்களா, விஷம்!" என்றான் ஷிர்சின்.

"அவ தினமும்தானேடா எடுக்கறா! காலைல எடுத்தா, நேத்து எடுத்தா. இப்ப எடுக்காம இருந்தாத்தான் பயப்படணும்" என்று அவன்மேல் பாய்ந்தேன். சொல்லிவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது. இது அந்த வாந்தியா, வேறு வாந்தியா? வாந்தியில் என்ன வித்தியாசம் கண்டுபிடிப்பது?

"தின்னா எவ்ளோ நேரத்துல தெரியும்?" என்று லுவ்சான் கேட்டார்.

"சிலது உடனே கொல்லுமாம். சிலது ஒரு வாரம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் ரத்தமாக் கொட்டுமாம்" என்றான் ஷிர்சின்.

"இவங்க போட்டது எது?"

"கேக்கலியே."

தேநீர் குடிக்க மட்டும் தெரிந்த மனிதன்.

விஷம் என்றால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மேலே பெய்த மழையில் ஆறு புரண்டுகொண்டிருந்தது, கல்லெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. அதே ஜீப், அதே கற்கள். விஷம் இல்லையென்றால், இல்லாத விஷத்துக்குப் பயந்து பிள்ளையை நாமே கொண்டுபோய் ஆற்றில் உதறிவிட்டு வருவோம். போகாமல் இருந்து, அது விஷமாக இருந்துவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். எல்லாம் அந்தக் கோதுமை யார் போட்டது என்பதில் வந்து நின்றது. இந்த ஊரில் அதை வாய் திறந்து கேட்கவும் முடியாது, கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். போட்டவர் யாரோ, வேண்டுதல் என்னவோ.

ஒச்சிர் இருந்த இருப்புதான் எனக்கு விளங்கவே இல்லை. சாதாரணமாக வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன். அன்றைக்குப் பேயறைந்தவன் போல நின்றான். போய் ஜீப்பைக் கிளப்பினான். அணைத்தான். உள்ளே வந்து, "பாறை வளைதானே அக்கா? நிச்சயமா பாறை வளையா?" என்றான். ஆமாம் என்றேன். வெளியே போய் மறுபடி கிளப்பினான். மறுபடி அணைத்தான்.

"போறியா இல்லையா? வண்டியா அது, விளையாட்டுச் சாமானா?" என்று கத்தினேன்.

"போகலாம்னுதான் நினைக்கிறேன். போக வேணாமோன்னும் தோணுது" என்றான்.

டோல்கோர் கூடாரத்து வாசல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வண்டில ஏற மாட்டேன்" என்றாள். அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "நான் வர்றதுக்குள்ள போகாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறினேன். இரண்டு கோதுமை மணியாவது மிச்சம் கிடக்காதா, சாயம் தெரியாதா என்று நினைப்பு.

திறந்த அறைகளை எலிகள் அதற்குள் மூட ஆரம்பித்திருந்தன. ஒன்று வாயில் புல்லோடு பாதி வெளியே வந்து என்னைப் பார்த்து நின்றது. ஓடவில்லை. அதன் வீட்டில் நான் செய்துவிட்டுப் போனதற்கு அது என்னைக் கடித்திருந்தாலும் நியாயம்தான். மண்ணைக் கிளறினேன். மணிகள் சில கிடைத்தன. துப்பித் துடைத்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று சிவப்பு மாதிரி இருந்தது. திருப்பினால் இல்லை. என் விரலே கிழங்குச் சாற்றில் சிவந்திருந்ததால் எதை வைத்து எதைச் சொல்வது?

இன்னும் ஆழமாகக் கையை விட்டபோது விரலில் ஏதோ சுற்றியது. இழுத்தேன். நீலப் பட்டு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, நடுவில் முடிச்சு.

அந்தப் பட்டு எனக்குத் தெரியும். டோல்கோரின் கல்யாணத்துக்கு நான் கோபியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது, ஓரத்தில் வெள்ளிச் சரிகை ஓடும். அவர்கள் கூடாரத்தில் பெட்டிக்கு மேலே, தெய்வப் படத்தின் பக்கத்தில் மடித்துத் தொங்கும். கோடையில் ஒருநாள் அதன் ஓரம் வெட்டியிருந்ததைப் பார்த்து, எலி கடித்திருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவள் வைத்திருக்கிறாள். பிள்ளை தங்க வேண்டும் என்று கோதுமையும் பட்டுமாக வைத்து, வளையில் வாயை வைத்துக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் ஏற மாட்டேன் என்கிறாள். கோதுமை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. சொன்னால் பலிக்காது. பைத்தியக்காரி! சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. அதை நான் கொள்ளையடித்து அவளுக்கே சமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பட்டைக் காட்டினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ரகசியமும் உடைந்துவிடும். நான் நம்புகிறவள் இல்லை. அவள் நம்புகிறாளே? நாளைக்கு ஏதாவது ஆனால், அண்ணி அன்றைக்குப் பட்டைக் காட்டினாளே என்று சாகிறவரை நினைப்பாள். பட்டை மடித்து என் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

நான் போய்ச் சேரும்போது ஜீப்பின் பின்பக்கம் கம்பளம் விரித்து, டோல்கோரை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இறக்குங்க அவளை" என்றேன். "அந்தக் கோதுமை நான் போட்டது."

ஷிர்சின் சிரித்தான். அந்த நேரத்திலும் சிரித்தான்.

"நீயா?" என்றார் லுவ்சான். "எலிக்கு? கோதுமை?"

"ஆமா. கோடைல போட்டேன். இப்போ மாவு குறைஞ்சுபோச்சு, அதான் போய்த் திரும்ப எடுத்துக்கிட்டேன். என் கோதுமை, நான் போட்டேன், நான் எடுத்தேன். உங்களுக்கு என்ன?"

இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது. போட்டேன் என்றதை நம்பவில்லை, திரும்ப எடுத்தேன் என்றதை நம்பினார். என் பெயர் எனக்கு உதவியது அன்றைக்கு மட்டும்தான்.

"அப்போ இவ்வளவு நேரம் ஏன்டி சொல்லல?"

"வேண்டிக்கிட்டதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே இத்தனை வருஷமா என் காதைத் தின்னீங்க?"

"என்ன வேண்டிக்கிட்டே?"

"சொன்னா பலிக்காது."

ஒச்சிர் கிட்டே வந்தான். "பாறை வளைலயா போட்டீங்க அக்கா?"

"பின்னே உன் மாமியா வளைலயா போடுவேன்?"

"நிச்சயமா?"

அவன் கண்ணில் இருந்த சந்தேகத்தைப் பார்த்ததும், வாய்ப்பேச்சு போதாது என்று தெரிந்தது. உள்ளே போய்ப் பானையைத் தூக்கி வந்தேன். எல்லார் முன்னாலும் வாசலில் உட்கார்ந்து, கரண்டியாலேயே தின்ன ஆரம்பித்தேன். ஆறிப்போய், மேலே வெண்ணெய் கட்டியிருந்தது. எலிச் சோறு என்று நான் ஒதுக்கிய கிழங்கு. ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஒவ்வொரு மணியும் பல்லில் படும்போது, இவள் போட்டதுதான், இவள் போட்டதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டு இருந்ததே. பட்டு இருந்தால் கோதுமையும் அவளுடையதுதானே? அடி தெரிகிறவரை தின்றேன். கரண்டியை நக்கினேன்.

டோல்கோர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜீப்பிலிருந்து தானாகவே இறங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒச்சிர் வண்டி சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து வந்த நாட்களில் தினமும் எழுந்ததும் முதல் வேலையாக எச்சிலைத் துப்பிப் பார்த்தேன், ரத்தம் இருக்கிறதா என்று. ஒரு காலையில் மூக்கிலிருந்து சொட்டியது. குளிர்காற்றில் எனக்கு வருஷா வருஷம் மூக்கு உடையும். அது தெரிந்தும் ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இது அந்த ரத்தமா இந்த ரத்தமா என்று குழம்பி, பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டு வந்தேன். டோல்கோரின் உதட்டை, ஈறை, நகத்தை அவளுக்குத் தெரியாமல் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு உறைந்தது. கல்லெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டது. வருஷப் பிறப்பான வெள்ளை மாதப் பண்டிகைக்கு முன்னால் அவளுக்கு வலி வந்தபோது, ஜீப் ஒரு குலுக்கல் இல்லாமல் கண்ணாடிமேல் போவதுபோல் போனது. பெண் பிள்ளை. தாய்மாமனைப் போலவே அகல முகம், பாவம். அழுகிற குரல் மட்டும் என்னுடையது என்று எல்லாரும் சொன்னார்கள்.

எங்கள் வழக்கப்படி குழந்தையை இறைச்சிச் சாற்றில் குளிப்பாட்டுகிற நாளில் ஷிர்சினும் வந்திருந்தான், வழக்கம்போல நாயைப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு. குளிப்பாட்டி, காதில் பெயர் சொல்லி, கம்பளியில் சுற்றி என் மடியில் கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இனி சொன்னால் என்ன, பலித்துவிட்டதே என்று பூட்ஸிலிருந்து அந்தப் பட்டை எடுத்து டோல்கோரின் கையில் வைத்தேன்.

"இந்தா. உன்னுது. நீ கேட்டது கிடைச்சிருச்சு. என்கிட்ட மட்டுமாவது அன்னிக்கே கண்ணைக் காட்டியிருக்கலாம்டி."

அவள் பட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன அண்ணி?"

"பாறை வளைல இருந்தது. கோதுமையோட. நீ வச்சது."

"நான் ஒண்ணும் வைக்கலியே."

"வைக்கல? அப்போ அன்னிக்கு வண்டில ஏற மாட்டேன்னு ஏன் அடம் புடிச்சே?"

"பயம்தான், அந்த ஆத்துக்கு. ஆனா விஷமா இருக்குமோன்னும் பயம். ஏறத்தான் போனேன். நீங்க போட்டேன்னு சொன்னீங்க, சாப்பிட்டும் காட்டினீங்க. எங்க அண்ணி எலி தொட்டதைத் தின்னாங்கன்னா அது நிச்சயம் அவங்க கோதுமைதான்னு இறங்கிட்டேன்." அவள் குரல் தேய்ந்தது. "நீங்கதானே போட்டீங்க?"

என் பேச்சை நம்பி இறங்கியிருக்கிறாள். அவளை நம்பி நான் தின்றிருக்கிறேன். குழந்தையை இறுக்கிப் பிடித்தேன், அது முனகியது.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒச்சிரின் கிண்ணம் வழிந்து தரையில் ஓடியது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முகம்.

"ஊத்தறதை நிறுத்து" என்றேன். "பட்டை வெட்டினது நீயா?"

"நான்தான் அக்கா. ஆனா நான் வச்சது மேல, ஊசியிலை மரத்தடி வளைல. நீங்க பாறை வளைன்னீங்க. எலி இழுத்துட்டு வந்துச்சோ என்னவோ, என்னுதா இல்லையான்னு எனக்கே தெரியல. சொல்லலாம்னா வேண்டுதல் போயிரும். சொல்லாம இருந்தா இவளை வண்டில ஏத்தணும். அதான் வண்டியைக் கிளப்பினேன், அணைச்சேன்."

"நான் தின்னப்பவாவது தடுத்திருக்கலாமேடா!"

"நீங்க போட்டேன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே! சரி, இது அக்காவோடது, என்னுது பத்திரமா மேல இருக்குன்னு நினைச்சேன்."

"எவ்வளவு வச்சே?"

"எல்லாரும் வைக்கிறதுதான். ஒரு கைப்பிடி."

ஒரு கைப்பிடி. கிழங்கைக் கழித்தாலும் நான் அள்ளியது அரைத் துணிக்குக் குறையாது.

லுவ்சான் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு கைப்பிடி வச்சேன். தங்கச்சிக்காக. ஓடைக்கு அந்தப் பக்கத்து வளைல."

"நீங்களுமா? அப்புறம் ஏன் அன்னிக்கு என்மேல பாஞ்சீங்க?"

"எலி ஓடையைத் தாண்டுமான்னு யோசிச்சேன். முடிவு தெரியறதுக்குள்ள நீ பானையைக் காலி பண்ணிட்டே."

எல்லாரும் ஷிர்சினைப் பார்த்தோம். அவன் அவசரமாகக் கையை ஆட்டினான். "என்னை ஏன் பாக்கறீங்க? நான் வச்சது தயிர்க்கட்டி. அதுவும் இந்தப் பிள்ளைக்காகத்தான். அதை எந்த எலி தின்னுச்சோ."

இரண்டு கைப்பிடி ஆயிற்று. இரண்டு கைப்பிடிக்குத் துணியின் ஒரு மூலைகூட நிறையாது. "அப்போ மீதி?" என்று டோல்கோர்தான் கேட்டாள். மெதுவாக, கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல். பள்ளத்தாக்கில் இருக்கிற ஒவ்வொரு கூடாரத்தையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். லாரிக்காரன் வைத்ததாகவும் இருக்கலாம். மழை விஷத்தைக் கழுவியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், என் மடியில் ஒரு பாரம் இருந்தது, அது சூடாக இருந்தது என்பதுதான்.

குழந்தை தும்மியது. "தெய்வம் காக்கட்டும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுபடி புல் பழுத்தபோது, எந்த லாரியும் வரவில்லை என்று ஷிர்சினை அடித்துக் கேட்காத குறையாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு, கோதுமை மூட்டையை அவிழ்த்தேன். நல்ல மணியாகப் பார்த்துத் தலைத்துணி நிறைய எடுத்தேன். போட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன், இனியாவது போட வேண்டாமா? குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு டோல்கோரும் பின்னாலேயே வந்தாள்.

பாறையடியில் மண்ணை விலக்கி, கிழங்கைத் தொடாமல், கோதுமையைக் கொட்டினேன். உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வளைக்குள் வாயை வைத்தேன். உள்ளே புல் வாசனை அடித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து எழுந்தபோது முழங்கால் எல்லாம் மண்.

"என்ன அண்ணி கேட்டீங்க?" என்றாள் டோல்கோர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"போடி, சொன்னா பலிக்காது" என்றேன்.

பிறகு, என்னைப் போல எவளாவது வந்து அள்ளிக்கொண்டு போய்விடப் போகிறாளே என்று, வளையின் மேல் கனமான கல்லாகப் பார்த்து ஒன்றைப் புரட்டி வைத்துவிட்டு வந்தேன். எலி போய்வரப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.